புள்ளி என்று சொன்ன மீன்கள்

“மீனுக்கு மச்சம் எந்தப் பக்கம் இருந்தாடி அதிர்ஷ்டம்?”

வேலைக்குச் சேர்ந்த அன்று சாயங்காலம் அக்கா அவளிடம் கேட்டது இது. கேட்டுவிட்டுத் தானே சிரித்து, சிரிப்பில் புரையேறி, அத்தான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. அக்கா அப்படித்தான். முடி வெட்டும் கடையில் நாளெல்லாம் நின்றபடி, கையில் கத்தரியும் வாயில் கதையுமாக இருந்து பழகியவள். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருப்பதற்குள் அவர் வீட்டு மாமியார் மருமகள் சண்டை வரைக்கும் தெரிந்துகொண்டுவிடுவாள். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. “உங்க அக்கா தூங்கின பிறகுதான் நான் பேப்பரே படிக்கிறேன்” என்பார் அத்தான். வீட்டுக்கு வேண்டிய பேச்சு மொத்தத்தையும் அக்காவே பேசிவிட்டதால் தங்கையின் பங்குக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றைக்கும் அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அவளுக்கு வேலை ஆராய்ச்சிக்கூடத்து மீன் அறையில். ஜன்னல் இல்லாத அறை. எப்போதும் ஒரே வெதுவெதுப்பு, பம்பு ஓடும் ஒரே இரைச்சல். சுவரோடு சுவராக அடுக்குத் தட்டுகள், தட்டு நிறைய மூடிபோட்ட சின்னச் சின்னத் தொட்டிகள், தொட்டிக்குள் விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். முட்டையிலிருந்து அன்றன்று வெளிவந்த உயிருள்ள இறால் குஞ்சுதான் அவற்றுக்குத் தீனி. உள்ளே போனால் ஒரு மணி நேரத்தில் மூக்குக் கண்ணாடி வேர்த்துவிடும், தலைமுடி பிசுபிசுக்கும். “உன் தலையில கத்தரி வைக்கிறதுக்குள்ள எனக்கு மீன் நாத்தம் வந்துருதுடி” என்று அக்கா மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

அந்த மீன்கள் சாதாரண மீன்களில்லை. கறுப்பே இல்லாமல் பிறக்கும்படி வளர்த்த ஜாதி. அவற்றின் முட்டை ஒற்றைச் செல்லாக இருக்கும்போதே கண்ணாடி ஊசியால் குத்தி, கறுப்பு நிறம் தரும் மரபணுவையும் பரிசோதிக்க வேண்டிய வேறொரு மரபணுவையும் சேர்த்து உள்ளே விடுவார்கள். முட்டை பொரிந்து வளர்ந்தால் வெளிறிய உடம்பில் அங்கங்கே கறுப்புத் திட்டு. எங்கே கறுப்பு இருக்கிறதோ அங்கே அந்தப் புது மரபணுவும் இருக்கிறது என்று அர்த்தம்.

ஊசி குத்துகிற வேலை ஒருவருடையது. அவர் படித்த படிப்புக்கு நீளமான பெயர் உண்டு, ஆனால் கூடம் முழுக்க அவர் ஊசிக்காரர்தான். முதல் வாரத்தில் அவர்தான் அவளுக்கு விளக்கினார்.

“இந்த மீனுக்குள்ள மனுசனோட கெட்டுப்போன மரபணு ஒண்ணு இருக்கு. காலை எடுக்காம ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே இருக்கிற டிரைவர் மாதிரி. அது மட்டும் இருந்தா என்ன ஆகும்? புள்ளி வரும், அவ்வளவுதான். ஏன்னா உள்ள வாட்ச்மேன் இருக்கான், இதுக்கு மேல வளராதன்னு நிறுத்திருவான்.”

“ம்.”

“நாங்க என்ன பண்ணியிருக்கோம்? அந்த வாட்ச்மேனையும் வேலையை விட்டுத் தூக்கிட்டோம். இப்பப் புள்ளி கட்டியாயிரும். மனுசங்களுக்குத் தோல்ல வர்ற அதே புத்துநோய். இன்னொரு சின்ன வாட்ச்மேன் இருக்கான்னு, இந்தக் கூடத்தை நடத்துற மேடத்துக்குச் சந்தேகம். அவனை உள்ள அனுப்பிப் பார்க்கப் போறோம். கட்டி வர்றது நின்னாலோ தள்ளிப்போனாலோ, அவன் வேலை பார்க்கிறான்னு அர்த்தம்.”

“சரி.”

“ஒரு கேள்வியும் இல்லையா?”

“இல்ல.”

“நல்லது. கேள்வி கேட்கிறவங்களைத்தான் எனக்குப் பிடிக்காது” என்றார் ஊசிக்காரர்.

கேள்வி கேட்காவிட்டாலும் அவள் கண் நல்ல கண். வாரம் ஒருமுறை எல்லா மீனையும் பார்வையிட வேண்டும். மயக்கமருந்து கலந்த தண்ணீர்க் கோப்பையில் மீனை விட்டு, செவுள் அசைவு மெல்ல மெல்லக் குறைந்ததும் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, மென்மையான தூரிகையால் புரட்டி, மேலிருந்து பார்ப்பாள். உடம்பின் ஓரக்கோடு நேராக ஓடினால் அது வெறும் கறுப்புத் திட்டு. “புள்ளி” என்று குரல் கொடுக்க வேண்டும். கறுப்பு இருக்கும் இடத்தில் கோடு வெளியே பிதுங்கியிருந்தால் “கட்டி”. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊசிக்காரர் குரலுக்குத் தகுந்த பொத்தானைத் தட்டுவார். புள்ளிக்கு இடது, கட்டிக்கு வலது. வலது பொத்தானைத் தட்டினால் கணினி ‘டிங்’ என்று மணியடிக்கும்படி விளையாட்டாகச் செய்துவைத்திருந்தார். பார்த்து முடித்த மீனை உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றிவிட வேண்டும். தாமதித்தால் மயக்கத்திலேயே போய்விடும்.

ஊசிக்காரர் இரண்டொரு தடவை அவள் சொன்னதைத் திரும்பச் சரிபார்த்தார். பிறகு விட்டுவிட்டார். “தராசுகூட ஒரு குண்டுமணி முன்னப்பின்ன காட்டும், இந்தப் பொண்ணு காட்டாது” என்று மேடத்திடமே சொன்னார். அன்றிலிருந்து கூடத்தில் அவளுக்குப் பெயர் தராசு.

சின்ன வாட்ச்மேன் உள்ள மீன்களையும் இல்லாத மீன்களையும் கலந்து வைத்து, எது எதென்று தெரியாமல் ஒரே சமயத்தில் பார்வையிடுவதுதான் முறை. அப்படித்தான் திட்டம், வளர்கிற வரை மட்டும் குஞ்சுகள் தனித்தனித் தட்டில். ஆனால் சின்ன வாட்ச்மேன் இருந்த தட்டின் பம்பு ஒரு விடுமுறை நாளில் நின்றுபோய், அத்தனை குஞ்சும் செத்து மிதந்தது. மறுபடி முட்டை, மறுபடி ஊசி. அதற்குள் அவன் இல்லாத மீன்கள் வளர்ந்துவிட்டன. சரி, அவற்றை இந்த வருஷம் பார்ப்போம், இவற்றை அடுத்த வருஷம் பார்த்து ஒப்பிடுவோம் என்றார் மேடம். வேறு வழியும் இல்லை.

முதல் வருஷம் அறையில் மணி ஓயவில்லை. டிங், டிங், டிங். பழைய பஸ்ஸில் கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று ஊசிக்காரர் காதைப் பொத்திக்கொள்வார். கட்டி வந்த மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி, தீனியை எடுக்காத அன்று அதிக மருந்துத் தண்ணீரில் விட்டு நிரந்தரமாகத் தூங்க வைத்துவிடுவார்கள். அதையும் அவளே செய்தாள். அதிலொன்றும் அவளுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கும் நடுவில்தான் அக்காவின் குதிகால்.

கறுப்பாகத் தெரிந்ததைச் செருப்புச் சாயம் என்று நினைத்துக் கல்லில் தேய்த்திருக்கிறாள். போகவில்லை. நாளெல்லாம் நிற்கிற கால், ஏதோ ரத்தம் கட்டியிருக்கும் என்று சாக்ஸ் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். சாக்ஸில் ரத்தம் ஒட்டிய பிறகுதான் அத்தானுக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னபோது அத்தான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் மட்டும், தொட்டி எண்ணைக் கேட்ட மாதிரி, தலையை ஆட்டினாள். தினமும் காதில் விழுகிற பெயர்தானே.

“நீங்க இந்தத் துறையா?” என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

“மீன்” என்றாள் அவள். டாக்டருக்குப் புரியவில்லை. அக்காதான் சிரித்தாள்.

குதிகாலில் உள்ளங்கை அளவுக்கு வெட்டியெடுத்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். “இனிமே எனக்கு எங்க தொடை, எங்க காலுன்னு யாரும் சொல்ல முடியாது” என்று கட்டிலில் இருந்தபடி நர்ஸையும் சேர்த்துச் சிரிக்க வைத்தாள் அக்கா. ஒட்டிய இடத்தில் உணர்ச்சியே இல்லை. “கிள்ளிப் பாருடி” என்றாள். கிள்ளினாள். “கிள்ளுறியா, தடவுறியா?” என்றாள் அக்கா. அப்போது தனக்கு அழுகை வரும் என்று தங்கை எதிர்பார்த்தாள். வரவில்லை. பஸ் பிடித்து வேலைக்குப் போனாள். தொட்டிகளைக் கழுவினாள். சாப்பிட்டாள். இரவு படுத்தவுடன் தூக்கமும் வந்தது. தான் ஏன் இப்படி இருக்கிறோம் என்று ஒருநாள் யோசித்தாள், அந்த யோசனையும் பாதியில் நின்றுவிட்டது.

அந்த நாட்களில்தான் சின்ன வாட்ச்மேன் உள்ள மீன்களைப் பார்வையிடுவது தொடங்கியது. புள்ளி. புள்ளி. புள்ளி. வாரங்கள் போயின. எப்போதாவது ஒரு மணி. மற்றபடி அறையில் பம்பு இரைச்சல்தான். ஊசிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றி, “தராசு, நாம பெரிய ஆளாயிட்டோம்” என்றார். மேடம் ஒருநாள் மீன் அறைக்கே வந்து, காலணிக்கு உறை போட்டுக்கொண்டு, தொட்டிகளை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அதே சமயத்தில் அக்காவுக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டியது. நோய் நகர்ந்திருக்கிறது, இனி நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள்.

“எங்க கடைக்கு வர்ற டீச்சரம்மா போட்டுக்கிட்டாங்க. என்ன ஆச்சு? நான்தான் கடைசியா அவங்களுக்கு முடி வெட்டினேன். வெட்ட என்ன இருந்துச்சு?”

அத்தான் கெஞ்சிப் பார்த்தார், கோபப்பட்டுப் பார்த்தார், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தார். அக்கா பிடி கொடுக்கவில்லை. அத்தான் தங்கையைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, “நீ சொன்னா கேட்பா. ஏதாவது சொல்லும்மா” என்றார். என்ன சொல்வது? அவள் மறுபடி தட்டுகளைக் கழுவினாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சு இல்லாமல் இருந்தது தாங்காமல், வாயில் வந்ததைச் சொன்னாள்:

“எங்க மீனுக்கெல்லாம் இந்த வருஷம் கட்டி வரலக்கா.”

அக்கா நிமிர்ந்தாள். “வரலையா?”

“புது வாட்ச்மேன் ஒருத்தனை உள்ள விட்டோம். போன வருஷம் இந்நேரம் முக்கால்வாசிக்கு வந்துருச்சு. இப்ப ஒண்ணு ரெண்டுதான்.”

அவ்வளவுதான். அக்கா ஒவ்வொன்றாகத் துருவினாள். வாட்ச்மேன் யார், எப்படி உள்ளே போகிறான், மீனுக்கு வலிக்குமா. எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக அவள் பேசியதே இல்லை. கடைசியில் அக்கா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். “இத்துனூண்டு மீனு பிழைக்குது, நான் பிழைக்க மாட்டேனா? திங்கக்கிழமை வர்றேன்னு டாக்டர்கிட்டச் சொல்லிருங்க. ஆனா ஒண்ணு, அதுக்கு முன்னாடி அந்த மீனுங்களை நான் பார்க்கணும்.”

அக்காவுக்கு ஏற்றப்போகும் மருந்து வேறு, மீன் விஷயம் வேறு. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அத்தானின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். எழுந்து தட்டுகளைக் கழுவப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தான் அக்காவை வண்டியில் கூடத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கீழே நிழலில் நிற்பதாகச் சொன்னார். ஊசிக்காரர் தம்பி கல்யாணத்துக்குப் போயிருந்தார். மறுநாள் மேடம் பெரிய கூட்டத்தில் முடிவுகளைக் காட்டப் போவதால் வாரப் பார்வையை அன்றே முடிக்க வேண்டும். கூடத்தில் வேறு யாருமில்லை.

“ரெண்டே பட்டன்தானே? நான் தட்டுறேன்டி. சும்மா உட்கார்ந்தா எனக்குக் காலு ஞாபகம் வந்துரும்” என்று அக்கா ஊசிக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து, கைத்தடியை மேஜையில் சாய்த்துவைத்தாள். “எந்தப் பட்டன் நல்ல பட்டன்?”

“இடது.”

முதல் மீன். புள்ளி. தட்டினாள். இரண்டாவது மீன். புள்ளி. தட்டினாள். “அடேயப்பா, உன் வேலை இவ்வளவுதானா? இதுக்கா தினமும் அவ்வளவு அலுத்துக்கிட்டு வர்ற?” அடுத்தது புள்ளி. அக்கா மீன்களோடும் பேச ஆரம்பித்தாள். “வாடி ராசாத்தி, உனக்கு முதுகுல மச்சம், அதிர்ஷ்டக்காரி. உனக்கு வயித்துல, சாப்பாட்டுக்குக் குறைவில்லை.”

ஊசிக்காரர் எப்போதும் முதுகைக் காட்டி உட்காருவார். அக்கா அப்படி உட்காருகிற ஆளில்லை. நாற்காலியை முழுக்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டிப் பொத்தானைத் தட்டியபடி, பூதக்கண்ணாடி வழியே கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புள்ளி” என்றாள் அவள்.

பொத்தான் சத்தம் கேட்கவில்லை.

“இது வெளிய தள்ளியிருக்கேடி.”

“வெளிச்சத்துக்கு அப்படித் தெரியும்.”

“வெளிச்சமா? இந்தப் பக்கம் நேரா இருக்கு, அந்தப் பக்கம் வீங்கியிருக்கு. எனக்கே தெரியுதே. கிட்ட வந்து பாரு.”

ஏற்கெனவே அவள் கிட்டத்தான் இருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தூரிகையால் மீனை நேராக்கி, மேலிருந்து பார்த்தாள். முதல் வருஷம் பார்த்தது போல, கறுப்பைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்த்தாள். தலையிலிருந்து நேராக வந்த கோடு, துடுப்புக்குப் பக்கத்தில், சட்டைப் பையில் பட்டாணி போட்டாற்போல் பிதுங்கி, பிறகு மறுபடி உள்ளே போனது. யார் பார்த்தாலும் தெரியும்.

“என்னத்தைத் தட்டட்டும்?” என்றாள் அக்கா.

புள்ளி என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். நாளைக்குத் திங்கட்கிழமை, அக்கா ஆஸ்பத்திரிக்குப் போவாள், அத்தான் சாப்பிடுவார். நாக்கு அந்தச் சொல்லுக்குத் தயாராகத்தான் இருந்தது, இத்தனை மாதப் பழக்கம். ஆனால் கோடு பிதுங்கியிருந்தது.

“கட்டி.”

டிங்.

மீனை நல்ல தண்ணீரில் விட்டாள். மேஜைக்கு வந்து, அக்காவின் தோளுக்கு மேல் எட்டி, அதே மீனின் போன மாதப் படத்தைத் திறந்தாள். ஒவ்வொரு பார்வையிலும் எடுக்கிற படம்தான், யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. அதிலும் பிதுங்கியிருந்தது. அதற்கு முந்தைய மாதம் கொஞ்சம் சின்னதாக. அப்போதும் புள்ளி என்றுதான் சொல்லியிருக்கிறாள். பக்கத்துத் தொட்டி மீனின் படத்தைத் திறந்தாள். அதற்கடுத்தது. அதற்கடுத்தது. பொய் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தாள். ஆனால் அக்காவின் குதிகாலுக்குப் பிறகு, ‘கட்டி’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் கண் தானாக வேறு எங்கோ போயிருக்கிறது. அது போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“போன மாசமே இருந்துச்சா?” என்றாள் அக்கா. குரலில் கடைப் பேச்சு இல்லை.

“ம்.”

“அப்ப ஏன் புள்ளின்னு சொன்ன?”

“தெரியலக்கா.”

“மத்ததெல்லாம்?”

அவள் முதலில் பார்த்த மீன்களை மறுபடி எடுத்தாள். மயக்கத் தண்ணீர், பூதக்கண்ணாடி, தூரிகை. கட்டி. டிங். கட்டி. டிங். இது புள்ளிதான். இடது பொத்தான். கட்டி. டிங். மணியின் சத்தம் காலி அறையில் தொட்டிகளின் மூடிகளில் பட்டுத் திரும்பியது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேடத்திடம் காலையிலேயே சொல்லிவிட வேண்டும், கூட்டத்துக்கு முன்னால், என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். ஊசிக்காரர் கல்யாணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

“அப்ப அந்தச் சின்ன வாட்ச்மேன்?”

“போன வருஷ மீன் மாதிரிதான் இதுவும் இருக்கு.”

“ஒண்ணும் பண்ணலையா அவன்?”

“பண்ணின மாதிரி தெரியல.”

அக்கா தலையை ஆட்டினாள். வாடிக்கையாளர் சொல்கிற அளவை மனசில் வாங்கிக்கொள்வது போல.

“அக்கா, உனக்குப் போடப்போற மருந்து வேற. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அது மனுசங்களுக்குக் கொடுத்து, கேட்குதுன்னு பார்த்த மருந்து. நிஜமா.”

உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் சொல்ல வேண்டிய நாளில் சொல்லாததால், இன்றைக்கு அது தேறுதல் மாதிரித்தான் அவள் காதுக்கே கேட்டது. அக்கா அதைக் காதில் போட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. ஓரத்தில் இருந்த தனித் தொட்டிகளின் மேல் அவள் பார்வை இருந்தது.

“கட்டின்னு சொன்ன மீனை என்னடி பண்ணுவீங்க?”

“தனியா வைப்போம்.”

“அப்புறம்?”

“அது தீனி எடுக்கிற வரைக்கும் வச்சிருப்போம்.”

அதற்கப்புறம் என்னவென்று அக்கா கேட்கவில்லை. அவள் அடுத்த மீனைக் கோப்பையில் விட்டாள். அதன் செவுள் அடித்துக்கொண்டது, பிறகு மெதுவானது, மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து, கைத்தடியை எடுத்து, மேஜையைச் சுற்றி வந்து, அவள் பக்கத்தில் நின்று கோப்பைக்குள் மேலிருந்து பார்த்தாள். நன்றாக, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். சோப்பும் தலைக்குப் போடும் சாயமும் கலந்த அக்காவின் வாசம். கடைக்குப் போய் மாதங்களாகியும் போகாத வாசம்.

அவள் குரல் கொடுக்கவில்லை. அக்கா மேஜைக்குத் திரும்பிப் போய், தன் விரலால், வலது பொத்தானைத் தட்டினாள்.

டிங்.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் ‘அக்கா’ என்று கூப்பிட நினைத்தாள். பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஆனால் கோப்பையில் மீன் மயக்கத்தில் கிடந்தது, இப்போது மாற்றாவிட்டால் போய்விடும். வலைக்கரண்டியை எடுத்து, மீனை அள்ளி, நல்ல தண்ணீரில் விட்டு, செவுள் ஒருமுறை திறந்து மூடுகிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பியபோது அக்கா கதவருகே போயிருந்தாள். தோல் ஒட்டிய காலை வெளி ஓரமாக ஊன்றி, கைத்தடியை முன்னால் வைத்து, அவசரமில்லாமல். சாவித் துவாரத்துக்கும் ஒரு வேடிக்கை சொல்லிவிட்டுப் போகிறவள், ஒரு வார்த்தையும் சொல்லாமல் கதவைத் தள்ளித் திறந்து வெளியே போனாள்.